தற்காப்புக்குத் துப்பாக்கியா?

சென்ற மாதம் கூடிய நம் சங்கச் செயற்குழுவில் இளைஞர்கள் ஒரு மனுக் கொடுத்தார்கள். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். அதன் கீழே பதினேழு கையெழுத்து. கம்பம்மெட்டிலும் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களிலும் வாழும் நம் மக்களுக்குப் பாதுகாப்பில்லை, எனவே ஓய்வுபெற்ற ராணுவத்தார் ஒருவரைப் பிடித்துத் தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. மாதிரி காட்ட ஒரு தம்பி கைப்பேசியில் ஒரு படத்தையும் போட்டுக் காட்டினார். வெளிநாட்டு மைதானம். ஒருவன் ஓடுகிறான், தரையில் விழுகிறான், எழுகிறான், காருக்குப் பின்னால் பதுங்கிச் சுடுகிறான், கதவைத் திறந்துகொண்டு மறுபடி ஓடுகிறான். படம் முடிந்ததும் பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது.

நாம் கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரிப்பதற்கு அந்தத் தாளில் எதுவும் இல்லை. கையெழுத்திட்ட பதினேழு பேரில் பாதிப்பேர் 2011 டிசம்பரில் சிறு பிள்ளைகள். தாயின் இடுப்பிலும் தகப்பன் தோளிலும் மலைப்பாதையில் இறங்கித் தேனி மாவட்டத்துக்குப் போனவர்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து "நம்மை யார் காப்பாற்றுவது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அவர்கள் கண்டுபிடித்த விடை சரிதானா என்பதைத்தான் இத்தலையங்கத்தில் பேச விரும்புகிறோம்.

முதலில் அந்தப் பயிற்சி என்னவென்று தெரிந்துகொள்வோம். தெரியாமலே எதிர்ப்பது நம் வழக்கமல்ல. நடைமுறைத் துப்பாக்கிப் பயிற்சி என்பது 1976-இல் அமெரிக்காவில் அமைப்பு வடிவம் பெற்றது. அந்த ஆண்டு மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பல நாட்டவர் கூடி அதற்கென ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அதன் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் கடற்படைத் துருப்பு அதிகாரி. அசையாமல் நின்று அட்டையைச் சுடுவது பயிற்சியல்ல, மூச்சிரைக்கும்போதும் கை நடுங்கும்போதும் சுடப் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. ஆபத்தில் இதயம் படபடக்கும், விரல் நுனியின் நிதானம் போய்விடும், பார்வை குறுகி எதிரே இருப்பது மட்டும் தெரியும், பக்கத்தில் நிற்பவர் தெரியமாட்டார். அதனால்தான் ஓட்டமும் தண்டாலும் முடித்துவிட்டுச் சுடச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தப் பள்ளிகளில் முதல் பாடம் சுடுவதல்ல. கூப்பர் வகுத்த நான்கு விதிகளை அந்தப் பயிற்சியாளர்கள் இன்றும் சொல்லித் தருகிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலை நீட்டாதே. குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்காதே. குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். இந்த நான்காவது விதியை நம் லயத்தில் பொருத்திப் பாருங்கள். பத்து வீடு ஒரே சுவர். சுவருக்கு மேலே தகரம். ஒரு வாசலில் நின்று எந்தப் பக்கம் சுட்டாலும் குறிக்குப் பின்னால் ஒரு தொட்டில் தொங்கும்.

வாகனப் பயிற்சியும் அப்படித்தான். படத்தில் காட்டுவது போலக் கார்க் கதவு தோட்டாவைத் தடுக்காது. தகரத்தைத் துளைத்துக்கொண்டு போகும். ஓரளவு தடுப்பது எஞ்சின் இருக்கும் இடமும் சக்கரத்தின் இரும்பும்தான். ஆகவே வண்டி ஓடும் நிலையில் இருந்தால் இறங்காதே, ஓட்டிக்கொண்டு போய்விடு என்பதே அங்கே சொல்லித்தரும் முதல் பாடம். சுடுவது, வழியெல்லாம் அடைபட்ட பிறகு. 1983-இல் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் கணக்கெடுத்துப் பார்த்ததில், 21 அடி தூரத்திலிருந்து கத்தியோடு பாய்கிறவன் ஒன்றரை விநாடியில் வந்து சேர்ந்துவிடுகிறான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிறது. ஒருவனுக்கே இந்தக் கணக்கு. ஐம்பது பேர் கூடி வந்தால்?

2011-ஐ மீண்டும் நினைத்துப் பார்ப்போம், கசப்பாக இருந்தாலும். முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பீதியை அந்த நவம்பர், டிசம்பரில் கிளப்பினார்கள். குமுளியில் வாகனங்கள் தாக்கப்பட்டன. எல்லைச் சாலைகள் அடைபட்டன. ஏலத்தோட்டங்களில் நம் தாய்மார்களை மிரட்டினார்கள், அடைத்து வைத்தார்கள் என்ற செய்திகள் வந்தன. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் எல்லை நோக்கிப் புறப்பட்டார்கள், தடையுத்தரவு போட்டார்கள், தடியடி நடந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் மலையாளிகளின் கடைகளும் அடி வாங்கின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டீக்கடை வைத்துப் பிழைத்தவனுக்கும் அணையின் நீர்மட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? ஏலக்காய் எடுக்கப் போன நம் அக்காவுக்கு என்ன சம்பந்தமோ அதே சம்பந்தம்தான். வழக்கு நடந்தது உச்ச நீதிமன்றத்தில். 2014 மே 7-ஆம் நாள் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பும் வந்தது. அடி வாங்கியவர்கள் யாரும் அந்த வழக்கில் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல.

அன்று நம் கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? நாம் அறிந்த ஒரு குடும்பத்தை, பக்கத்து மலையாள வீட்டு அம்மச்சி, மிளகுக் கொடிக்கு நடுவே இருந்த தன் சாமான் அறையில் இரண்டு இரவு வைத்திருந்தார். மூன்றாம் இரவு அவர் மகனே டார்ச் பிடித்துக்கொண்டு சரிவு வரை கொண்டுவந்து விட்டான். எந்தத் தோட்டத்திலாவது ஒரு தமிழன் சுட்டு ஒரு மலையாளி விழுந்திருந்தால், அந்த அம்மச்சி கதவைத் திறந்திருப்பாரா? திறக்க அவருடைய ஊர் விட்டிருக்குமா? அன்று கேரளத்தில் நம்மவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வெடிக்கு அத்தனை பேரும் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்திருக்கும். கடலுக்கு அப்பால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 1977-லும் 1981-லும் 1983-லும் அடிபட்டவர்கள் யார் என்பதை இதழின் பழைய வாசகர்கள் அறிவார்கள். அங்கும் சண்டை ஒருவருடையது, அடி வேறொருவருக்கு. அக்கதையை இங்கே விரிக்கவில்லை.

சட்டம் நமக்குத் தற்காப்பு உரிமை தரவில்லையா என்று ஒரு தம்பி கேட்டார். தந்திருக்கிறது, தாராளமாகவே தந்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. தன் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் காக்கலாம். கொல்ல வருபவன், கற்பழிக்க வருபவன், ஆளைக் கடத்துபவன், அமிலம் வீச வருபவன் ஆகியோரைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் குற்றமில்லை. நம் தாய்மார்கள் இதை மனப்பாடமாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும். பன்னரிவாளைத் தற்காப்புக்கு ஓங்கிய பெண்ணை ஸ்டேஷனில் மிரட்டினால், எந்தப் பிரிவைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் எல்லையும் உண்டு. போலீசை அழைக்க நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் ஒரு அடி அடித்தாலும் இல்லை. ஓடுகிறவனைத் துரத்திப் போய் வெட்டினால் அது தற்காப்பல்ல, பழிவாங்கல்.

இந்தப் பிரிவுகளின் கடைசியில் ஒரு உதாரணம் வருகிறது. கும்பலொன்று ஒருவனைக் கொல்ல வருகிறது. கும்பலுக்குள் குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். சுடாமல் தப்ப வழியில்லை. அவன் சுட்டு, குழந்தைக்குக் கேடு வந்தாலும் அவன் மேல் குற்றமில்லை என்கிறது சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது, இன்றும் இருக்கிறது. சட்டம் விட்டுவிடும், சரி. மறுநாள் காலையில் அதே ரோட்டில் அதே ஜீப்பில் ஏறி, அந்தக் குழந்தையின் வீட்டைக் கடந்துதானே வேலைக்குப் போக வேண்டும்?

துப்பாக்கி கிடைக்கும் வழியையும் பார்ப்போம். லைசென்ஸ் வாங்க 21 வயதாக வேண்டும். மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றும் வேண்டும். அதிலும் நம்மைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. லைசென்சில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் எழுதிய துப்பாக்கியோடு கம்பம்மெட்டு செக்போஸ்டைத் தாண்டினால், மறுபக்கம் கால் வைத்ததும் குற்றவாளி. வேலை இந்தப் பக்கம், ரேஷன் கார்டு அந்தப் பக்கம் என்று வாழ்கிற நமக்கு எந்தக் கலெக்டர் எதற்காக லைசென்ஸ் தரப்போகிறார்? ஆகவே மிஞ்சுவது கள்ளத் துப்பாக்கி. இதைத்தான் மனுவில் எழுதாமல் விட்டிருந்தார்கள். பேச்சில் மெல்ல வெளிவந்தது. "ஒருத்தர் செஞ்சு தர்றாராம்" என்றார் ஒரு தம்பி. செய்து தருபவருக்கு 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. வாங்கி வைத்திருப்பவருக்கும் ஆண்டுக்கணக்கில் உண்டு. ஒரு லயத்தில் ஒன்று அகப்பட்டால் லயம் முழுவதும் சோதனை. அப்புறம் தோட்டக்காரர்கள் தமிழ் ஆள் வேண்டாம் என்பார்கள். சொல்ல அவர்களுக்கு ஒரு சாக்குப் போதும்.

அந்தக் கள்ளத் துப்பாக்கி யாரைச் சுடும் என்பதும் தெரிந்த கதை. 2022-இல் இதே இடுக்கி மாவட்டத்தில் இரவில் வேட்டைக்குப் போன ஒரு கூட்டத்தில், உடன் போன வாலிபனின் மழைக்கோட்டுப் பொத்தான் வெளிச்சத்தில் மின்னியதை மிருகத்தின் கண் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். சுட்டது நண்பர்கள். பயந்துபோய் உடலைக் காட்டிலேயே புதைத்தார்கள். வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 1993-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு சொன்னது. சனிக்கிழமை கூலி வாங்கிய இரவில் நம் லயங்களில் கேட்கும் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடித்தவன் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் முதலில் விழுவது பக்கத்து மாநிலத்தானா, கட்டிய மனைவியா? கூட்டத்தில் இதைக் கேட்டபோது ஆண்கள் பக்கம் அமைதி. பெண்கள் பக்கம் ஒரு அக்கா மட்டும் "நல்லாக் கேளுங்க" என்றார்.

தற்காப்பு என்ற சொல்லைத் துப்பாக்கி வைத்திருப்பவரே எழுதிக்கொள்கிறார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 2023 அக்டோபர் இறுதியில் கூடலூரை அடுத்த வண்ணாத்திப்பாறைக் காட்டில் தமிழ்நாட்டு வனத்துறையினர் சுட்டதில் ஒரு விவசாயி இறந்தார். அவர் கத்தியால் தாக்க வந்தார், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது வனத்துறை. அவர் உறவினர்கள் அதை ஏற்கவில்லை. சுட்டதும் தமிழர், செத்ததும் தமிழர். காட்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி யார்?

பன்றிக்கு என்ன செய்வது என்கிறார்கள். அதற்கு வழி இருக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகரசபைத் தலைவர்களுக்கும் கேரள அரசு 2022 மே மாதம் கொடுத்தது. லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுடலாம். விஷம், வெடி, மின்கம்பி கூடாது. அதே மே மாதம் பாலக்காட்டு முட்டிகுளங்கரையில் போலீஸ் முகாமுக்கு அருகே வயலில் பன்றிக்கு வைத்த மின்கம்பியில் இரண்டு போலீஸ்காரர்களே செத்துக் கிடந்தார்கள். குத்தகை நிலம் வைத்திருப்பவர்கள் பஞ்சாயத்தில் மனுக் கொடுங்கள். மனு எழுத சங்கம் உதவும். யானைக்குத் துப்பாக்கி பேச்சே வேண்டாம். 2023-இல் சின்னக்கானலிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன், மே 27-ஆம் நாள் கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே ஓடியதை எல்லாரும் பார்த்தோம். கும்கிகளும் மருத்துவர்களும் நாட்கணக்கில் அலைந்து ஜூன் 5-இல்தான் பிடிக்க முடிந்தது. நாட்டுத் துப்பாக்கியின் ரவை அதற்குக் கொசுக்கடி. கடி வாங்கிய யானை யார் வீட்டை இடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுடுவதே ஒரு விளையாட்டாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளை நாம் தடுக்கவில்லை. 20 ஜூலுக்கு உட்பட்ட .177 ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். மதுரையிலும் கோவையிலும் ரைபிள் கிளப்புகள் உண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளோடுதான் இரண்டு ஒலிம்பிக்கில் நின்றார். அட்டையைச் சுட்டுப் பதக்கம் வாங்கி வந்தால் தோளில் தூக்கிக்கொள்வோம்.

மலைத்தோட்டத் தொழிலாளர் மீது துப்பாக்கி நீண்டதுண்டு. 1958 அக்டோபரில் மூணாறு வட்டாரத் தேயிலைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு இருவர் செத்தார்கள். ஆனால் 2015 செப்டம்பரில் அதே மூணாறில் பெண்கள் வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே "கிட்ட வராதே" என்று விரட்டினார்கள். ஒன்பது நாள். கம்பெனி 10 சதவீதம் என்று அறிவித்த போனஸ், கருணைத்தொகையோடு சேர்த்து 20 சதவீதம் ஆயிற்று. அவர்கள் கையில் குடையும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன. நம் தம்பிகள் இந்தப் படத்தையும் கைப்பேசியில் தேடிப் பார்க்கலாம்.

இனி, மனுவில் உள்ள நல்லதைச் சொல்ல வேண்டும். துப்பாக்கியை எடுத்துவிட்டால் அந்தப் பயிற்சியில் மிஞ்சுவது உடலும் வண்டியும் நிதானமும். மூன்றும் நமக்கு அவசரமாக வேண்டியவை. 2023 ஆகஸ்ட் 25-ஆம் நாள் வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் கண்ணோத்துமலையில், வேலை முடிந்து தேயிலைத் தொழிலாளரை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள். ஒன்பது பேர், ஒரே ஊர்ப் பக்கம், ஒரே சாயங்காலம். விடியற்காலை இருட்டில் கம்பத்திலிருந்தும் புதுப்பட்டியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் நம் ஜீப்புகளில், பின்படியில் எத்தனை பேர் தொங்குகிறார்கள்? நம்மை உண்மையில் கொல்லக் காத்திருப்பது இதுதான் என்று நாம் கருதுகிறோம். ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஏற்றினால், வாடகை பெர்மிட் இல்லாத வண்டியில் கூலிக்கு ஏற்றினால், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க அது ஒன்றே போதும்.

ஆகவே செயற்குழு எடுத்த முடிவு இது. துப்பாக்கிப் பயிற்சி கிடையாது. கள்ளத் துப்பாக்கியோடு தொடர்புள்ளவர் யாராயிருந்தாலும் உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தர வேண்டும். இரண்டுக்கும் எதிராக நான்கு கைகள் உயர்ந்தன. அதையும் பதிவு செய்கிறோம். அதற்குப் பதிலாக, இளைஞர் பகுதியே பொறுப்பேற்று மூன்று பயிற்சிகள் நடத்தும்.

ஒன்று, ஜீப் ஓட்டுநர்களுக்கு. முன்வண்டியின் பின்சக்கரம் ரோட்டைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நிற்கப் பழகுவது. அவ்வளவு இடம் விட்டால்தான் வழி அடைபட்டாலும் ஒடித்து வெளியேற முடியும். வண்டியை எப்போதும் புறப்படும் திசையில் நிறுத்துவது. டீசலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதது. கூட்டம் மறித்தால் கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, யாரோடும் வாய்ச்சண்டை போடாமல் பின்னோக்கி எடுப்பது. வளைவில் பின்னோக்கி எடுப்பது கேட்கச் சுலபம். மழையில் செய்து பாருங்கள். வண்டி நின்றே போனால் ஆட்களை எந்தப் பக்கம் இறக்குவது, யார் குழந்தையைத் தூக்குவது என்பதைப் பத்துத் தடவை செய்து பழக வேண்டும்.

இரண்டாவது, காயத்துக்கு முதலுதவி. வெட்டிலிருந்து ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து இரு கையாலும் விடாமல் அழுத்துவது. கை கால் துண்டாகும் அளவு காயமென்றால் அதற்கு மேலே இறுகக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைப்பது. 108 வர நம் தோட்டங்களுக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை எல்லாரும் அறிவோம். அதுவரை உயிரைப் பிடித்து வைப்பது நம் கையில். காப்பித்தூள் அப்புகிற பழக்கத்தை இத்தோடு விடுவோம்.

மூன்றாவது, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உடற்பயிற்சி. சிலம்பம் தெரிந்த பெரியவர் ஒருவர் உத்தமபாளையத்திலிருந்து வர இசைந்திருக்கிறார். கையைப் பிடித்தவனிடமிருந்து உருவிக்கொள்வது, உரக்கக் கத்துவது, கும்பலாக நடப்பது, 112-க்குப் பேசும்போது எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம் என்று மலையாளத்தில் சொல்வது. இந்தக் கடைசிப் பாடத்தை நம் பள்ளிப் பிள்ளைகளே தாய்மார்களுக்குச் சொல்லித் தரலாம்.

மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நம் பக்கத்து லயங்களில் இருப்பவர்களையும் அழைக்கச் சொல்லியிருக்கிறோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை. "அவர்கள் வந்துதான் கூலி குறைந்தது" என்கிறார்கள். நம்மைப் பற்றி இதே வார்த்தையைச் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம்.

பயிற்சி வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு காலை எட்டு மணிக்கு. வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியோடு வர வேண்டும். பழைய வேட்டி, சேலைத் துணி கட்டுப் போடத் தேவைப்படும், கொண்டு வாருங்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி சங்கத்தில் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் அடுத்த ஞாயிறு.